பிபார் ஆல்ஃபா ஆன்டிபாடி: பேண்ட் வந்தா மட்டும் போதாது, அது யாரோட பேண்டுன்னு பாருங்க

கல்லீரல்ல கொழுப்பு எரியறத பத்தி வேலை பண்றவங்க எல்லாருக்கும் என்னைக்காவது ஒரு நாள் பிபிஏஆர் ஆல்ஃபா (PPARα) புரோட்டீனை தேடிப் பிடிக்கற ஆன்டிபாடி தேவைப்படும், லேப்ல எல்லாரும் பிபார்னுதான் சொல்றோம், நானும் அப்படியே எழுதறேன். 1990ல சுண்டெலில கண்டுபிடிச்ச நியூக்ளியர் ரிசப்டர் இது, அதாவது நியூக்ளியஸ்ல இருந்து ஜீன்களை இயக்கற புரோட்டீன். கொழுப்பு அமிலமோ ஃபைப்ரேட் மருந்தோ வந்து ஒட்டுச்சுன்னா ஆர்எக்ஸ்ஆர்ங்கற இன்னொரு ரிசப்டர் கூட ஜோடி சேர்ந்து டிஎன்ஏல உக்காந்து சிபிடி1ஏ, ஏகாக்ஸ்1 மாதிரி கொழுப்பு எரிக்கற ஜீன்களை கிளப்பிவிடும். ஜீன் பக்கம் கதை இவ்ளோ தெளிவா இருக்கு, ஆனா அதே புரோட்டீனை வெஸ்டர்ன் ப்ளாட்ல (புரோட்டீன்களை ஜெல்ல சைஸ் வாரியா பிரிச்சு, ஆன்டிபாடி ஒட்டற இடத்த ஒரு கோடா, அதாவது பேண்டா, காட்டற முறை) பாக்கப் போனா ஆளாளுக்கு ஒரு பேண்டை காட்டி இதுதான்னு சொல்லுவாங்க.

காரணம் அதோட சைஸ்தான். 468 அமினோ அமிலம், கிட்டத்தட்ட 52 கிலோடால்டன். ஜெல்ல அந்த 50லேர்ந்து 55 வரைக்கும் இருக்கற இடம் திருவிழா கூட்டம் மாதிரி, ஆன்டிபாடியோட பெரிய துண்டான ஹெவி செயின் அங்கதான் ஓடும், எல்லா செல்லுலயும் நிறைய இருக்கற டியூபுலின் புரோட்டீன் அங்கதான், இதோட கூடப்பொறந்த பிபார் காமாவும் அதே பக்கந்தான். ரிசப்டரோ செல்லுல ரொம்ப கம்மியா இருக்கறது. அதனால சரியான உயரத்துல ஒரு பேண்ட் வந்துச்சுங்கறது எதையுமே நிரூபிக்காது, மத்ததெல்லாம் மறந்தாலும் இத மட்டும் மறக்காதீங்க.

வாங்கறதுக்கு முன்னாடி டேட்டாஷீட்ட நிதானமா படிங்க. எந்த பகுதிய வச்சு ஆன்டிபாடி உண்டாக்கினாங்கன்னு முதல்ல பாக்கணும். டிஎன்ஏவ பிடிக்கற நடுப்பகுதி ஆல்ஃபா, டெல்டா, காமா மூணுலயும் ரொம்ப ஒத்துப்போகும், அத வச்சு பண்ணது எல்லாத்தையும் பிடிக்க சான்ஸ் அதிகம், என்-டெர்மினல் (புரோட்டீனோட ஆரம்ப முனை) பக்கம்தான் மூணும் நல்லா வேறுபடும், அதனால அந்தப் பக்கத்துக்கு பண்ணத எடுக்கறது நல்லது. அடுத்து படம். நிறைய டேட்டாஷீட்ல ஓவர் எக்ஸ்பிரஷன் பண்ண, அதாவது அந்த புரோட்டீனை வேணும்னே அளவுக்கு மீறி உண்டாக்க வச்ச செல்லோட லைசேட்ட (செல்லை உடைச்சு எடுத்த கரைசல்) போட்டு கன்னங்கரேல்னு ஒரு பேண்ட் காட்டியிருப்பாங்க, அத பாத்து மயங்காதீங்க, மலையளவு புரோட்டீனை கொட்டினா எந்த ஆன்டிபாடியும் பிடிக்கும், நம்ம சாம்பிள்ல இருக்கறது கடுகளவு. நாக்அவுட் (அந்த ஜீனையே செயலிழக்க வச்ச) சாம்பிளோட லேன் இருக்கற படம் இருந்தா அத எடுங்க. பாலிகுளோனலா (பல ஆன்டிபாடிகளோட கலவை) ரீகாம்பினன்ட் மோனோகுளோனலான்னு (ஜீன்லேர்ந்து தயாரிச்ச ஒரே ஆன்டிபாடி) கேட்டா என் ஓட்டு ரெண்டாவதுக்குத்தான், பாலிகுளோனல் லாட் மாறினா குணமும் மாறிடும்.

இன்னொன்னு, சுண்டெலி கல்லீரல்ல வேலை பண்ணும்போது சுண்டெலில உண்டாக்கின ஆன்டிபாடிய போடாதீங்க. திசுவுல ஏற்கனவே இருக்கற ரத்தத்தோட இம்யூனோகுளோபுலினை (அதுவும் ஆன்டிபாடிதான்) செகண்டரி, அதாவது நம்ம புரோட்டீனை பிடிக்கற பிரைமரி ஆன்டிபாடிய பிடிச்சு சிக்னல் காட்டற ரெண்டாவது ஆன்டிபாடி, பிடிச்சிடும், ஹெவி செயின் கரெக்டா நம்ம ஆள் நிக்கற இடத்துக்கு பக்கத்துலயே வந்து நிக்கும். முயல் ஆன்டிபாடி எடுத்துக்கோங்க, அதோட பிரைமரியே இல்லாம செகண்டரி மட்டும் போட்ட லேன் ஒண்ணு வச்சுக்கோங்க.

கன்ட்ரோல்தான் உயிர். பிபார் ஆல்ஃபா நாக்அவுட் சுண்டெலி 1995லயே வந்தாச்சு, அந்த கல்லீரல் துண்டு கிடைச்சா சாதாரண சுண்டெலியோடத பக்கத்துல வச்சு அதே ஜெல்ல ஓட்டுங்க, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுல காணாம போற பேண்ட்தான் உங்களோடது, ரெண்டுலயும் இருந்தா அது எவ்ளோ அழகா இருந்தாலும் வேற ஏதோதான். நாக்அவுட் கிடைக்கலன்னா ஹெபட்டோசைட்ல (கல்லீரல் செல்) வெவ்வேற ரெண்டு எஸ்ஐஆர்என்ஏ (ஒரு ஜீனோட ஆர்என்ஏவ குறைக்கற சின்ன ஆர்என்ஏ) போட்டு குறைச்சுப் பாருங்க, ஆர்என்ஏ எவ்ளோ குறைஞ்சதுன்னு கியூபிசிஆர்ல (ஆர்என்ஏ, டிஎன்ஏ அளவ அளக்கற முறை) பாத்துட்டு பேண்டும் அதே கணக்குல குறையுதான்னு ஒப்பிடுங்க. ஆன்டிபாடி உண்டாக்க பயன்பட்ட பெப்டைட்டயே (புரோட்டீனோட சின்னத் துண்டு) போட்டு ஆன்டிபாடிய பிளாக் பண்ணா பேண்ட் போயிடுச்சேன்னு சிலர் திருப்திபட்டுடறாங்க, தப்பான புரோட்டீன்ல ஒட்டறதும் அதே ஆன்டிபாடிதானே, பெப்டைட் அதையும் சேத்துத்தான் நிறுத்தும்.

சாம்பிளுக்கு வருவோம். முழு லைசேட்ல தேடறத விட நியூக்ளியர் எக்ஸ்ட்ராக்ட் எடுத்தா பாதி பிரச்சனை தீரும். முடிஞ்சவரை ஃப்ரெஷ் திசு, ஐஸ்லயே வேலை, புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர் கலந்த உப்பு கம்மியான பஃபர்ல செல்லை ஊற வச்சு, கொஞ்சம் என்பி-40 டிடர்ஜென்ட் போட்டு உடைச்சு, சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தினா நியூக்ளியஸ் கீழ தங்கும், அத 420 மில்லிமோலார் சோடியம் குளோரைடு இருக்கற பஃபர்ல கரைச்சு எடுங்க. லோடிங் கன்ட்ரோலுக்கு, அதாவது எல்லா லேன்லயும் ஒரே அளவு போட்டோமான்னு பாக்க, நியூக்ளியஸ்ல இருக்கற லாமின் பி1. டியூபுலின் வேண்டவே வேண்டாம், நியூக்ளியர் சாம்பிளுக்கும் பொருந்தாது, அதே உயரத்துல வேற நிக்கும். சைட்டோபிளாசத்துல நிறைய இருக்கற ஜிஏபிடிஹெச்ச, சைட்டோபிளாசம் எவ்ளோ கலந்துடுச்சுன்னு பாக்க ஓட்டலாம். விலங்குகள எடுக்கற நேரத்தையும் பட்டினி நேரத்தையும் எல்லா குரூப்புக்கும் ஒண்ணா வைங்க, கல்லீரல்ல இந்த ரிசப்டர் நாளோட நேரத்தப் பொறுத்து ஏறி இறங்கும், பட்டினிலயும் கூடும். ஒரு குரூப்ப காலைலயும் இன்னொண்ண சாயங்காலமும் எடுத்தா நீங்க அளக்கறது மருந்த இல்ல, கடிகாரத்த.

ப்ளாட் பக்கம் பெருசா ரகசியம் ஒண்ணும் இல்ல. 10 சதவீத ஜெல், லேனுக்கு 30 மைக்ரோகிராம் அளவு, 50 கிலோடால்டன் மார்க்கர் ஜெல்லோட நடுவுக்கு வர்ற வரைக்கும் ஓட விடுங்க, இல்லன்னா பக்கத்து பேண்டுகள் பிரியாது. பிவிடிஎஃப் மெம்ப்ரேனை மெத்தனால்ல நனைக்க மறக்காதீங்க. 5 சதவீத பால் பவுடர்ல பிளாக், பிரைமரி 1:1000ல ஆரம்பிச்சு 4 டிகிரில ராத்திரி முழுக்க, 0.1 சதவீத ட்வீன் 20 இருக்கற பஃபர்ல நல்லா கழுவி ஹெச்ஆர்பி (சிக்னல் வர வைக்கற என்சைம்) ஒட்டின செகண்டரி. புது லாட் வந்தா டைல்யூஷன மறுபடி பாருங்க. பிரைமரிய திரும்ப யூஸ் பண்ண சோடியம் அசைடு போட்டு வைக்கறது சரி, ஆனா அது செகண்டரில கலந்துடக் கூடாது, ஹெச்ஆர்பி வேலை செய்யாது, சிக்னலே வராம மண்டைய உடைச்சுப்பீங்க.

ஃபைப்ரேட் மருந்தான ஃபீனோஃபைப்ரேட் குடுத்தும் பேண்ட் கூடலியேன்னு சில பேர் ஆன்டிபாடிய திட்டுவாங்க. கூடணும்னு அவசியமே இல்லங்க, லிகாண்டோட (ரிசப்டர்ல வந்து ஒட்டற பொருள்) வேலை ரிசப்டரை கிளப்பறது, அளவ ஏத்தறது இல்ல, கிளம்புச்சான்னு தெரியணும்னா சிபிடி1ஏ, பிடிகே4 ஆர்என்ஏவ பாருங்க.

ப்ளாட்ல ஜெயிச்ச ஆன்டிபாடி சிப்ல (ChIP, ஒரு புரோட்டீன் டிஎன்ஏல எங்க உக்காந்திருக்குன்னு ஆன்டிபாடி வச்சு பாக்கற முறை) ஜெயிக்கும்னு நம்பிடாதீங்க, அங்க ஃபார்மால்டிஹைடுல ஒட்டிக்கிடக்கற, மடிஞ்ச நிலையில இருக்கற புரோட்டீனை பிடிக்கணும். எதையும் குறிப்பா தேடாத சாதாரண முயல் ஐஜிஜி ஆன்டிபாடி ஒரு பக்கம், நாக்அவுட் குரோமாட்டின் (புரோட்டீன்களோட சேர்ந்திருக்கற டிஎன்ஏ) ஒரு பக்கம் வச்சு, சிபிடி1ஏ மாதிரி தெரிஞ்ச ஜீனோட பைண்டிங் சைட்லயும் சம்பந்தமே இல்லாத ஒரு இடத்துலயும் கியூபிசிஆர் பண்ணுங்க. தெரிஞ்ச சைட்லயே ஐஜிஜிய விட தெளிவா கூடலன்னா சீக்வென்சிங்குக்கு அனுப்பி காச கரைக்காதீங்க.