பழைய வாட்டர் ஹீட்டரை மாற்ற எவ்வளவு ஆகும்? குமரி வீடுகளுக்கான கணக்கு

கடையில் ஒட்டியிருக்கும் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், வேலை முடியும்போது இரண்டாயிரமோ ஐயாயிரமோ கூடிவிடும். அந்தக் கூடுதல் தொகை எங்கே ஒளிந்திருக்கிறது என்று முதலிலேயே பார்த்துவிடலாம். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: மாற்றத்தான் வேண்டுமா?

படி 1: தண்ணீர் எங்கிருந்து சொட்டுகிறது?

ஹீட்டரில் மாற்றவே முடியாத ஒரே பாகம் உள் டேங்க். மற்ற எல்லாவற்றுக்கும் உதிரிபாகம் கிடைக்கும். அதனால் ஆள் வந்து "இது போச்சு, புதுசு வாங்குங்க" என்று சொல்லும் முன் நீங்களே ஒருமுறை கவனித்துவிடுங்கள்.

குளிர்நீர் வரும் பக்கத்தில் உள்ள சேஃப்டி வால்விலிருந்து, சூடாகும் நேரத்தில் மட்டும் சில சொட்டுகள் விழுந்தால் அது பழுதல்ல. சூட்டில் விரியும் தண்ணீர் அந்த வழியாக வெளியேறுகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் ஒழுகிக்கொண்டே இருந்தால் வால்வு போய்விட்டது. சில நூறு ரூபாயில் மாற்றலாம். அடிமூடியைச் சுற்றிக் கசிந்தால் பெரும்பாலும் ரப்பர் கேஸ்கெட்தான் காரணம்.

விளக்கு எரிகிறது, தண்ணீர் மட்டும் சூடாகவில்லை என்றால் தெர்மோஸ்டாட் (சூட்டின் அளவைக் கட்டுப்படுத்துவது), தெர்மல் கட்அவுட் (சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிப்பது), எலிமெண்ட் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) மூன்றில் ஒன்று பழுது. தெர்மோஸ்டாட் சுமார் 300 முதல் 500 ரூபாய், எலிமெண்ட் 500 முதல் 1,000 ரூபாய், கூலி தனி. சூடாகும்போது கொதிப்பது போலச் சத்தம் வந்தால் எலிமெண்ட் மேல் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. டேங்கைக் கழுவி எலிமெண்டைச் சுரண்டினால் இன்னும் சில வருடம் ஓடும்.

துருநிறத் தண்ணீர் வந்து, வெளிக்கூட்டின் அடியிலும் இடம் தெரியாமல் ஈரம் ஊறினால் டேங்கில் ஓட்டை விழுந்துவிட்டது. எம்சீலெல்லாம் வைத்துப் பார்க்க வேண்டாம், மாற்றுங்கள். ஆனால் பில்லைத் தேடிவிட்டு மாற்றுங்கள். பல மாடல்களில் உள் டேங்குக்கு மட்டும் 5 அல்லது 7 வருட வாரண்டி தனியாக இருக்கும். நிறைய பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

குழாயைத் தொட்டால் சுரீரென்று இழுக்கிறதா? அந்த நிமிடமே எம்சிபியை (மின் போர்டிலுள்ள பிரேக்கர் சுவிட்சை) அணையுங்கள். சரிசெய்யும்வரை யாரும் அந்தக் குளியலறையில் குளிக்கக் கூடாது.

படி 2: எத்தனை லிட்டர்?

இங்கேதான் பணம் வீணாகப் போகிறது. நம் பக்கத்தில் டேங்க் தண்ணீர் சாதாரணமாகவே 28 டிகிரி அளவில் இருக்கும். குளிக்க 40 டிகிரி போதும். 15 லிட்டர் ஹீட்டரை 60 டிகிரிக்குச் சூடாக்கி, பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 லிட்டர் வெந்நீர் கிடைக்கும். 20 லிட்டர் பக்கெட்டுக்கு இரண்டு பக்கெட். 2 கிலோவாட் எலிமெண்ட் இதற்கு எடுத்துக்கொள்வது 17 நிமிடம், அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். நான்கு பேர் வீட்டுக்கு 25 லிட்டர் வாங்கச் சொன்னால் "எதுக்கு?" என்று கேளுங்கள்.

ஒருவர் பின் ஒருவராகப் பக்கெட்டில் பிடித்துக் குளிக்கும் வீட்டுக்கு 3 லிட்டர், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டரே போதும். நம் தண்ணீருக்கு அது நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் வெந்நீர் தரும்; 15 லிட்டர் பக்கெட் நாலேகால் நிமிடத்தில் நிறையும். இதே ஹீட்டரை ஊட்டிக் குளிரில் மாட்டினால் அதில் பாதிதான் வரும். விலை 2,500 முதல் 4,500 ரூபாய். 15 லிட்டர் டேங்க் ஹீட்டர் 6,500 முதல் 10,000 ரூபாய்வரை.

மின்கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை 15 லிட்டர் சூடாக்கினால் இரண்டு மாதத்தில் சுமார் 100 யூனிட் ஓடும். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும். 480, 490 என்று விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு இந்த 100 யூனிட் சின்ன விஷயமல்ல.

படி 3: உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது?

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து மலைத் தண்ணீருக்கும், குளச்சல், முட்டம், இராஜாக்கமங்கலம் கரையோர போர்வெல் தண்ணீருக்கும் ஒரே ஹீட்டரை மாட்டிவிட்டு ஒரே ஆயுளை எதிர்பார்க்க முடியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இல்லாவிட்டால் நாக்கே சொல்லிவிடும். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீராக இருந்தால் ஸ்டெயின்லெஸ் டேங்கைத் தவிருங்கள். உப்பிலுள்ள குளோரைடு, வெல்டிங் வைத்த இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை போட்டுவிடும். கண்ணாடிப் பூச்சு கொண்ட டேங்க், அதற்குள் மெக்னீசியம் ஆனோடு கம்பி என்ற ஏற்பாடுதான் நல்லது. அந்தக் கம்பி தன்னைக் கரைத்துக்கொண்டு டேங்கைக் காக்கும். கம்பி தீர்ந்தால் அடுத்து அரிபடுவது டேங்க்.

பெட்டியில் ஐஎஸ் 2082 முத்திரையும் நட்சத்திர லேபிளும் இருக்கிறதா என்று பாருங்கள் (இவை டேங்க் ஹீட்டருக்கு).

படி 4: சுவரும் வயரும்

ஒளிந்திருக்கும் செலவு இங்கேதான். 3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட், மெயின் போர்டிலிருந்து தனியாக வரும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், உண்மையாகவே மண்ணில் இறங்கும் எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) ஆகியவை வேண்டும். பழைய பிளக்கின் பின் கறுத்திருந்தாலோ பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ வயர் போதவில்லை அல்லது இணைப்பு லூஸ் என்று அர்த்தம். அதே பாயிண்டில் புது ஹீட்டரை மாட்டாதீர்கள்.

நிரம்பிய 15 லிட்டர் ஹீட்டர் சுமார் 25 கிலோ இருக்கும். வெட்டுகல் சுவரிலும் ஹாலோ பிளாக் சுவரிலும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது. ஹாலோ பிளாக்கில் துளையைச் சிமெண்ட் கலவையால் நிரப்பி, காயவிட்டு ஆங்கர் போல்ட் போட வேண்டும். வேலை ஒரு நாள் தள்ளிப்போகும்.

படி 5: மாட்டும் வரிசை

எம்சிபியை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீர் வால்வை மூடுங்கள். பழையதில் ஹாட் பக்கக் குழாயையும் கழற்றினால்தான் மேலே காற்று போய் டேங்க் வடியும். இல்லாவிட்டால் சொட்டிக்கொண்டே நிற்கும். இறக்க இரண்டு பேர் வேண்டும்.

புதியதில் நீல வளையம் குளிர்நீர், சிவப்பு வெந்நீர். சேஃப்டி வால்வு நீலப் பக்கம். அதை அடைப்பதோ, எடுத்துவிட்டு நேராகக் குழாய் கொடுப்பதோ டேங்க் வெடிக்க வழி செய்வது. வெந்நீர் லைன் சூடு தாங்கும் சிபிவிசி குழாயாக இருக்க வேண்டும். வெள்ளை பிவிசி சூட்டில் இளகிவிடும். நிறுத்தி மாட்டும் மாடலைப் படுக்க வைக்காதீர்கள்.

இனி முக்கியமானது: கரண்ட் கொடுப்பதற்கு முன் டேங்க் நிரம்ப வேண்டும். வெந்நீர் டேப்பைத் திறந்து வைத்து, காற்று போய்த் தண்ணீர் சீராக விழும்வரை காத்திருங்கள். வெற்று டேங்கில் சுவிட்ச் போட்டால் எலிமெண்ட் நிமிடங்களில் கருகும், வாரண்டியும் கேள்விக்குறியாகும்.

கையிலிருந்து போகும் தொகை

15 லிட்டருக்கு: ஹீட்டர் 8,000, இரண்டு கனெக்‌ஷன் ஹோஸ் 500, போல்ட்டும் சில்லறையும் 200, பிளம்பர் கூலி 700. ஆக 9,400 ரூபாய். வயரிங் நன்றாக இருந்தால் இதோடு முடிந்தது. புதிதாக வயர் இழுத்து 16 ஆம்பியர் பாயிண்ட் வைக்க 2,500, ஆர்சிசிபி 2,000 சேர்த்தால் 13,900. விலைகள் தோராயம், கடைக்குக் கடை மாறும். "இலவச இன்ஸ்டலேஷன்" என்றால் ஹோஸும் போல்ட்டும் அதில் சேருமா என்று பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். பழைய டேங்கை இரும்புக் கடைக்குக் கொடுத்தால் சில நூறு திரும்பும். அதைக் கழற்ற வந்தவரே கேட்பார், அது உங்கள் விருப்பம்.

தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வையுங்கள். அதற்கு மேல் போகப் போகச் சுண்ணாம்பு வேகமாகப் படியும். ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் இடி கேட்டால் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். கரையோர வீடுகளில் வருடத்துக்கு ஒருமுறை ஆனோடு கம்பியைக் கழற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் 300, 400 ரூபாயில் புதியது போட்டு, போட்ட தேதியை மார்க்கரால் ஹீட்டர் மேலேயே எழுதி வையுங்கள்.