கமெண்டைப் படித்துவிட்டுக் கட்டுரைக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு

தலைப்பைப் பார்த்ததும் விரல் தானாகக் கீழே இறங்கி, என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பார்க்கப் போய்விடும். எல்லோரும் செய்கிற தவறு இது. அங்கே பேசுகிறவர் கட்டுரையைப் படித்திருப்பார் என்று நாமாகவே நம்பிக்கொள்கிறோம், அதுதான் சிக்கல்.

அமெரிக்காவின் என்பிஆர் வானொலி 2014 ஏப்ரல் 1 அன்று ஃபேஸ்புக்கில் ஒரு லிங்க் போட்டது. 'அமெரிக்கா ஏன் இப்போதெல்லாம் படிப்பதில்லை?' என்று தலைப்பு. திறந்தால் உள்ளே கட்டுரையே கிடையாது. படிக்காமலேயே சிலர் கமெண்ட் போடுகிறார்கள் என்று தோன்றுகிறது, இதைப் படிக்கிற நீங்கள் லைக் மட்டும் போடுங்கள், கமெண்ட் போடாதீர்கள், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்று சில வரிகள்தான். கீழே, நாங்களெல்லாம் படிக்கிறோமே என்று சண்டைக்கு வந்தவர்கள் ஏராளம்!

ஆக, நீங்கள் பார்க்கிற கமெண்ட் பெரும்பாலும் தலைப்புக்கு வந்த பதிலாக இருக்கலாம். தலைப்பு வைப்பது பல இடங்களில் எழுதினவர்கூட இல்லை, டெஸ்க்கில் இருக்கிற உதவி ஆசிரியர். திட்டு மட்டும் எழுதினவருக்கு. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: கட்டுரைக்குள் போனால் மட்டுமே தெரியக்கூடிய ஒரு தகவலாவது அந்த கமெண்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தாண்டிப் போய்விடலாம்.

அடுத்து, "அவன் திட்டினால் திட்டட்டும், எனக்கென்ன" என்று நினைப்பது. உங்களுக்கும் ஒட்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நானோ வெள்ளி (மிக நுண்ணிய வெள்ளித் துகள்களைப் பயன்படுத்தும் தொழில்நுட்பம்) தரும் நன்மை தீமை பற்றி யார் பக்கமும் சாயாத ஒரே பதிவை எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு மரியாதையான கமெண்ட்கள், இன்னொரு பகுதியினருக்கு அதே வாதங்கள், கூடவே வசை. வசையைப் பார்த்தவர்கள் அந்தத் தொழில்நுட்பம் எவ்வளவு ஆபத்து என்பதில் ஏற்கெனவே இருந்த சாய்வுக்கேற்ப இன்னும் தள்ளித்தள்ளிப் போனார்கள். பதிவில் ஒரு எழுத்தும் மாறவில்லை! 1872இல் தொடங்கிய பாப்புலர் சயின்ஸ் பத்திரிகை, இந்த ஆய்வையும் காரணம் காட்டி அதே ஆண்டு செப்டம்பரில் தன் இணையதளத்தில் கமெண்ட் பகுதியை மூடியது.

மேலே நிற்கிற கமெண்டை ஊரின் கருத்து என்று எடுத்துக்கொள்வதும் வேண்டாம். 2013இல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு பரிசோதனையில், சில கமெண்ட்கள் வந்தவுடனே அவற்றுக்குச் சும்மா ஒரு லைக்கை ஆய்வாளர்களே போட்டுவிட்டார்கள். முடிவில் அவற்றின் மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியிருந்தது. அந்த முதல் லைக் எழுத்தைப் படித்துப் போட்டதில்லை, குருட்டாம்போக்கில் போட்டது. யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் வரிசையைப் 'புதியவை' என்று மாற்றிப் பாருங்கள், வேறு கூட்டம் தெரியும்.

இதையெல்லாம் கேட்டு கமெண்ட் பக்கமே போகமாட்டேன் என்று கிளம்புவதும் தவறுதான். சமையல், வண்டி ரிப்பேர், அரசு அலுவலக நடைமுறை மாதிரி விஷயங்களில் பாதிச் சரக்கு கீழேதான் கிடக்கும். பட்டா மாறுதலுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று பழைய கட்டுரை ஒன்று இருக்கும். போன மாதம் அலைந்துவிட்டு வந்த ஒருவர், இப்போது இந்த ஆவணமும் கேட்கிறார்கள் என்று கீழே எழுதியிருப்பார். கட்டுரையை எழுதியவர் திருத்தியிருக்கவே மாட்டார். அப்படிப்பட்ட இடத்தில் முதலில் கட்டுரையின் தேதியைப் பாருங்கள், முழுசாகப் படியுங்கள், அப்புறம் புது கமெண்ட்களைப் பாருங்கள். அங்கே சொன்னதையும் அப்படியே நம்பிக் கிளம்பிவிடாமல், அந்த அலுவலகத்திலோ அரசு இணையதளத்திலோ ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.