வாஷ்பேசின் அடைப்பு: அந்தச் சின்ன ஓட்டையை மூடுங்கள்

பெங்களூரில் எங்கள் வீட்டுக்குப் போர்வெல் தண்ணீர்தான். வாஷ்பேசினில் பல் தேய்த்த தண்ணீர் வடியாமல் நின்றது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி ஆப்ப சோடாவும் வினிகரும் போட்டேன். நுரை பொங்கியதே தவிர அடைப்பு அசையவில்லை. இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன, பிறகு எதைக் கரைக்கும்? கொதிநீரில் பிவிசி குழாய் இளகும் என்பதால் வெந்நீர்தான் ஊற்றினேன், பலனில்லை.

பிளஞ்சரை (அடைப்பெடுக்கும் ரப்பர் கப் வைத்த கைப்பிடி) அழுத்தினால் ‘புஸ்’ என்று எங்கோ காற்று போனது. பார்த்தால், விளிம்புக்குக் கீழே உள்ள வழிந்தோடும் ஓட்டை! அதில் ஈரத்துணியைத் திணித்து, பிளஞ்சரின் கப் மூழ்கத் தண்ணீர் நிறுத்தி அழுத்தினேன். முடியும் சாம்பல் நிறச் சோப்புப் படிவும் மேலே வந்தன. அப்பாடா, மடமடவென்று வடிந்தது. போர்வெல்லின் உப்புத் தண்ணீரில் (கடின நீரில்) சோப்பு இப்படித்தான் திரியும். மிச்சப் படிவுக்கு இரவில் வினிகர் மட்டும், காலையில் வெந்நீர்.