கூபின் படம் வாங்கப் போகிறீர்களா?

ஆஸ்திரியக் கலைஞர் ஆல்ஃபிரெட் கூபினின் (1877–1959) படங்களைப் புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டும்போது, அதே பழைய தவறுகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கிழிசல், கறை எல்லாம் கண்ணுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நகலை மூலம் என்று நம்புவது

காசைக் கரைக்கும் தவறு இதுதான். 1903-இல் மியூனிக்கில் ஹான்ஸ் ஃபான் வெபர் வெளியிட்ட 15 படங்களின் தொகுப்புதான் கூபினுக்குப் பெயர் வாங்கித் தந்தது. அவை அச்சுக்காக அவரே கல்லிலோ செம்புத் தகட்டிலோ வரைந்தவை அல்ல. தாளில் மையால் தீட்டிய ஓவியங்களின் அச்சு நகல்கள். தொகுப்பின் தலைப்பிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. அந்த நகலுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் மூலத்தின் விலை அதற்கு இல்லை.

ஓர் இளைஞர் அதிலுள்ள ‘போர்’ படத்தை ஃபிரேமோடு கொண்டுவந்தார். “கையால் தெளித்த மை சார், புள்ளிகளைப் பாருங்க” என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். பாதி உண்மை என்பதால்தான் இந்தப் பேச்சு எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுகிறது. கூபின் அந்நாளில் மையைத் தெளித்துத்தான் நிழலை உருவாக்கினார். அந்தத் துளிகள் நகலிலும் வந்திருக்குமே! ஃபிரேமைக் கழற்றி, பத்து மடங்கு லென்ஸை வைத்தோம். மூலத்தில் மை தாளுக்குள் ஊறி, துளி முழுசாக நிற்கும். இங்கே ஒவ்வொரு துளியும் மணலைப் போலப் பொடிப்பொடியாக உதிர்ந்து தெரிந்தது. கொடுத்த பணம் திரும்பவில்லை. ஃபிரேமைக் கழற்ற விடாதவரிடம் விலையே பேசாதீர்கள்.

கையெழுத்தில் மயங்குவது

பென்சில் கையெழுத்து நகலை மூலமாக்காது.

தாளின் ஓரத்தை வெட்டுவது

வேண்டாம்.

ராட்சதனோடு நின்றுவிடுவது

‘போர்’ படத்தில் எல்லோரும் அந்தப் பேருருவத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கண்ணைக் கீழே இறக்குங்கள். அந்தப் பெரும் பாதங்களுக்கு எதிரே சின்னஞ்சிறு படையொன்று ஈட்டிகளோடு நிற்கிறது. அடுத்த அடி எங்கே விழும் என்பதில்தான் கதையே இருக்கிறது. இதை 1914-இன் போர்ப் படம் என்று சொல்வதும் பிழை. அந்தப் போருக்கு 11 ஆண்டுகள் முன்பே அச்சாகிவிட்டது.

பழைய தாளை வெளுக்கக் கொடுப்பது

கூபினின் அப்பா நில அளவையாளர். மகனும் பழைய நில அளவைத் தாள்களில்தான் நிறைய வரைந்தார். அதனால் மூல ஓவியத்தின் பின்பக்கம் பழைய கோடும் எழுத்தும் இருந்தால் அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அது ஓவியத்துக்கு ஒரு சாட்சி. வெளுத்துவிட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும், மையும் வெளிறிவிடலாம்.