கைக்குழந்தைக்கு மலேரியாவா? வெளியூரிலிருந்து வந்தவர்கள் செய்ய வேண்டியது

ஒடிசாவின் கோராபுட்டிலிருந்து என் மைனி (அண்ணி) நாலு மாதப் பிள்ளையோடு சேரன்மகாதேவிக்கு வந்திருந்தார். வந்த வாரமே பிள்ளைக்குக் காய்ச்சல். "ஊசி போட்ட காய்ச்சல்தான், உரைமருந்து கொடு" என்றார் ஆச்சி. ஊசி போட்டுப் பத்து நாள் ஆகிவிட்டதே என்று மைனிக்குச் சந்தேகம். தடுப்பூசிக் காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் வந்து போய்விடும். மலேரியாவோ, கொசு கடித்து ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும், சில சமயம் மாதங்கள் கழித்தும்.

1. முதலில் கணக்குப் பாருங்கள். கடந்த சில மாதங்களில் ஒடிசா, சத்தீஸ்கர், ஆப்பிரிக்க நாடுகள் மாதிரி மலேரியா அதிகமான இடத்தில் பிள்ளை இருந்ததா? ஆம் என்றால் எந்தக் காய்ச்சலுக்கும் மலேரியா சந்தேகம் உண்டு. "தாயின் எதிர்ப்புச் சக்தி பிள்ளையைக் காக்குமே" என்பார்கள். மலேரியா ஊரிலேயே பிறந்து வளர்ந்து பலமுறை அந்த நோய் கண்ட தாய் என்றால் ஓரளவு காக்கும், அதுவும் சில மாதங்கள்தான். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த நம் பெண்களுக்கு அந்தச் சக்தியே இல்லை. அப்புறம் பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும்?

2. நடுக்கத்துக்குக் காத்திருக்காதீர்கள். பெரியவர்களைப் போல ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்க்காய்ச்சல் என்றெல்லாம் கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் வராது. பால் குடிக்காது, துவண்டு கிடக்கும், வாந்தி எடுக்கும், வெளிறிப் போகும். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்துவிட்டாலே, காரணம் எதுவானாலும், உடனே ஆஸ்பத்திரிதான்.

3. அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலும் காசு வாங்க மாட்டார்கள். சின்னப் பிள்ளைக்குக் குதிகாலில் குத்தி இரண்டு சொட்டு எடுப்பார்கள். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்று நீங்களாகவே சொல்லுங்கள். கேட்காமல் விட்டுவிட வாய்ப்புண்டு. முதல் முறை ஒன்றும் இல்லை என்று வந்து காய்ச்சலும் நிற்கவில்லையா? 12 முதல் 24 மணி நேரத்துக்குள் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

4. மருந்தை நீங்களாக உடைத்துக் கொடுக்காதீர்கள். பெரியவர் மாத்திரையைக் கால்வாசி ஆக்கும் வேலை வேண்டாம், அளவு எடையைப் பொறுத்தது. 5 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கென்றே தனி மலேரியா மருந்துக்கு 2025 ஜூலையில்தான் சுவிட்சர்லாந்தில் அனுமதி கிடைத்தது. இவ்வளவு காலம் என்ன செய்தார்களோ என்று தோன்றுகிறது, இல்லையா?

5. கொசுவலை. சேலைத் தொட்டிலில் பிள்ளையின் முதுகு துணியோடு ஒட்டிக் கிடக்கும். கொசு வெளியிலிருந்தே கடித்துவிடும். மலேரியா கொசு கடிப்பது அந்தியிலிருந்து விடியும்வரை. அதனால் பகலில் தொட்டில், ராத்திரி பாய். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகுங்கள். மருந்து தோய்த்த புது வலையை ஒருநாள் நிழலில் காயவிட்டுக் கட்டுங்கள், துவைத்தாலும் வெயிலில் போடாதீர்கள். அப்புறம் மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. நகரத்து மலேரியா கொசுவுக்குச் சுத்தமான தண்ணீர்தான் பிடிக்கும்.

6. பரிசோதனைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மலேரியாவில் வைவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் எழும். அதை அழிக்கும் ‘பிரிமாகுவின்’ என்ற மருந்தை ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுப்பதில்லை. எனவே மறுபடி காய்ச்சல் வந்தால் மறுபடி பரிசோதனை. எந்த வகை, எந்தத் தேதி என்று தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் எழுதிவையுங்கள். மைனி கண்மைப் பென்சிலால் எழுதியிருக்கிறார், பேனா கிடைக்கவில்லையாம்.