கருகிய டேப்பும் இரண்டு உலோகங்களும்

மோட்டார் போட்ட பத்தாவது நிமிடம் சுவிட்ச் பெட்டியிலிருந்து கருகல் வாடை. திறந்து பார்த்தால் இன்சுலேஷன் டேப் உருகிக் கிடக்கிறது. செம்புக் கம்பியோடு முறுக்கியிருந்த அலுமினியக் கம்பியில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. வேறு யாரோ செய்த வேலை என்று சொல்ல ஆசைதான். முறுக்கியவன் நானே.

இரண்டுமே மின்சாரம் கடத்துகின்றன, அப்புறம் என்ன என்று நினைத்திருந்தேன். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் சுமார் 61 சதவீதம்; கம்பியைத் தடிமனாக்கினால் அது சரியாகிவிடும். எடையும் குறைவு, அதனால்தான் உயரழுத்தக் கம்பிகள் அலுமினியம். வம்பு இணைப்பில்தான். காற்றுப் பட்டதுமே அலுமினியத்தின்மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் படிகிறது. சூட்டில் செம்பைவிட அதிகம் விரிந்து, ஆறும்போது சுருங்கி, பிடி தளர்கிறது. ஈரமும் சேர்ந்தால் செம்பைத் தொடும் அலுமினியம் அரித்தே போகும்.

மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொண்டு, கருகியதை வெட்டியெறிந்தேன். அலுமினிய முனையைப் பளபளவென்று சுரண்டி, உடனே ஆக்சைடு தடுக்கும் பசை தடவினேன். இரு உலோகங்களுக்குமென்றே வரும் வெள்ளீயம் பூசிய இணைப்பானில், ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனித் துளைகளில் செருகித் திருகினேன்.

ஒரு மணி நேரம் மோட்டார் ஓடியது. பெட்டியின் மூடியில் கை வைத்தேன், சூடே இல்லை.