டிரையர் சுற்றுது, சூடு வரலையா? கழற்றும் முன்னால் காற்றைப் பாருங்கள்

ஜூனில் கூடலூர், தேவாலா பக்கம் மழை பிடித்தால் ஆகஸ்ட் வரை துணி காயாது. அக்டோபர் வந்தால் குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் முறை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் பகலெல்லாம் வெயில் அடித்தாலும், சாயங்காலம் பனி இறங்கினால் கொடியில் கிடப்பது மறுபடி ஈரம். அதனால்தான் கீழே சமவெளியில் பெரும்பாலான வீடுகளில் பார்க்கவே முடியாத டிரையரை இங்கே ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களும் கைக்குழந்தை இருக்கிற வீடுகளும் வாங்கிப் போடுகிறார்கள். அதுவும் அடைமழை நாளாகப் பார்த்துத்தான் டிரம் மட்டும் சுற்றிக்கொண்டு, துணி போட்டபடியே சில்லென்று வெளியே வரும்.

இங்கே சொல்வது ஹீட்டர் வைத்த, ஈரக்காற்றை ஹோஸ் வழியாக வெளியே தள்ளும் சாதாரண டிரையரைப் பற்றி. செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் பக்கத்து டப்பையும் டிரையர் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது பிழிவதோடு சரி, அதில் ஹீட்டரே கிடையாது.

முதலில் தெரிய வேண்டியது, சூடு சுத்தமாக இல்லையா, குறைவாக இருக்கிறதா என்பது. இதற்கு எதையும் கழற்ற வேண்டாம். வீட்டில் கீசர், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டிரையரை மட்டும் ஓடவிட்டு, ஈபி மீட்டரில் மின்னுகிற சின்ன சிவப்பு விளக்கைப் பாருங்கள். யூனிட்டுக்கு 3200 துடிப்பு (3200 imp/kWh) என்று அச்சிட்ட மீட்டராக இருந்தால், மோட்டார் மட்டும் ஓடும்போது ஐந்தாறு வினாடிக்கு ஒரு தடவை மின்னும். 2000 வாட் ஹீட்டரும் சேர்ந்தால் வினாடிக்கு இரண்டு தடவை படபடக்கும். படபடத்தால் ஹீட்டர் வேலை செய்கிறது, பிரச்சனை வேறு எங்கோ. கொஞ்ச நேரம் படபடத்து, நின்று, மறுபடி படபடத்தால், சூடு அளவு தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் ஹீட்டரின் கரண்ட்டை வெட்டி வெட்டிச் சேர்க்கிறது என்று அர்த்தம். ஆரம்பத்திலேயே அப்படி அடிக்கடி வெட்டினால் காற்றோட்டம் அடைபட்டிருக்கிறது. ஒரே சீராக மெதுவாக மின்னினால்தான் ஹீட்டர் பக்கம் கரண்ட்டே போகவில்லை. அதற்கும் முன்னால் நாபைப் பாருங்கள். குளிர்காற்று புரோகிராமில் நின்றிருக்கலாம், டைமரின் கடைசிச் சில நிமிடங்களும் சூடில்லாமல்தான் ஓடும்.

இனி காற்று. டிரையர் செய்வது ரொம்ப எளிய வேலை. ஃபேன் அறைக்காற்றை இழுத்து, ஹீட்டர் மேல் ஓடவிட்டு, டிரம்முக்குள் ஈரத்துணியின் ஊடாகத் தள்ளி, ஃபில்டர் தாண்டி வெளியே அனுப்புகிறது. எங்கே அடைத்தாலும் சூடு ஹீட்டர் பெட்டிக்குள்ளேயே தேங்கும், பாதுகாப்பு தெர்மோஸ்டாட் கரண்ட்டை வெட்டும், துணிக்குச் சூடு போய்ச் சேராது. இங்கே நாம் போடுவது கம்பளி, ஸ்வெட்டர், ஃபிளானல், ஹோம்ஸ்டே பெட்ஷீட். பஞ்சுக்குக் கேட்கவா வேண்டும்! ஃபில்டரில் ஒட்டிய பஞ்சை உரித்துப் போட்டால் மட்டும் போதாது. குழாயடியில் அதன் மேல் தண்ணீர் விட்டுப் பாருங்கள். வலையில் இறங்காமல் குளம் கட்டி நின்றால் ஃபேப்ரிக் சாஃப்ட்னர் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்திருக்கிறது. வெந்நீர், பாத்திரம் கழுவும் லிக்விட், பழைய டூத் பிரஷ், இந்த மூன்றிலேயே போய்விடும். நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

அப்புறம் பின்னால் இருக்கிற ஹோஸ். மலைக்கென்றே உள்ள தொந்தரவு இது. டிரையர் விடுவது ஈரமான சூட்டுக் காற்று, வெளியே ஊட்டிக் குளிர், அதனால் ஹோஸின் உள்சுவரிலேயே நீர் கோத்துக்கொள்ளும். ஜன்னல் உயரத்துக்கு ஏற்றிக் கட்டிய ஹோஸ் நடுவில் தொய்ந்திருந்தால் அந்தத் தொய்வில் தண்ணீர் தேங்கி, பஞ்சு அதில் ஊறி, சாம்பல் நிறத்தில் களிபோல ஒரு அடைப்பு உட்கார்ந்திருக்கும். ஹோஸைக் கழற்றும்போது கீழே பக்கெட் வையுங்கள், இல்லாவிட்டால் தரையெல்லாம் அதுதான். திரும்ப மாட்டும்போது முடிந்தவரை நீளத்தைக் குறைத்து, வெளிப்பக்கம் சரிவாக இறங்கும்படி வையுங்கள். வெளி வாயில் பூச்சிக்கென்று கொசுவலை கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள், பஞ்சு முதலில் அடைப்பது அதைத்தான். எலிக்கும் குருவிக்கும் பயந்தால், காற்று அடித்தால் திறந்து, காற்று நின்றால் மூடிக்கொள்கிற மடிப்பு மூடி போடலாம். ஹோஸைக் கழற்றிய நிலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, துணி காய்ந்துவிட்டால் உங்கள் ரிப்பேர் அதோடு முடிந்தது.

சூடு இருக்கிறது, ஆனால் மந்தம் என்றால் வோல்டேஜைப் பாருங்கள். காலையில் ஊரே கீசர் போடும் நேரத்தில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் 2000 வாட் ஹீட்டர் கொடுப்பது 1,225 வாட் அளவுக்குத்தான், ஏனென்றால் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடு குறையும். மத்தியானம் ஓட்டுங்கள், காசு செலவில்லாத வைத்தியம். ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் மட்டும் செருகிவிடாதீர்கள், அது இந்த லோடைத் தாங்காது. இன்னொன்று, வாஷிங் மெஷின் சரியாகப் பிழியாமல் சொட்டச் சொட்ட வந்த துணியைப் போட்டுவிட்டு டிரையரைத் திட்டிப் பயனில்லை.

இத்தனையும் சரி, மீட்டர் விளக்கு அப்போதும் மெதுவாகத்தான் மின்னுகிறது என்றால் கழற்ற வேண்டியதுதான். அமெரிக்க வீடியோக்களில் முதல் வேலையாக இரண்டு பிரேக்கரையும் பார்க்கச் சொல்வார்கள். அங்கே மோட்டாருக்கு 120, ஹீட்டருக்கு 240 வோல்ட், அதனால் ஒரு பக்கம் போனாலும் டிரம் சுற்றும். நம் வீட்டில் இரண்டுக்கும் ஒரே 230 வோல்ட் லைன், அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள். மோட்டார் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும், அதன் முனைகளைத் தொடாதீர்கள். தகட்டு ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும், கையுறை போடுங்கள். கழற்றும் முன் வயர்களை நாலு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் பின்பக்கத் தகட்டை எடுத்தாலே ஹீட்டர் பெட்டி தெரியும்.

மல்ட்டி மீட்டரை எடுக்கும் முன் கண்ணால் பாருங்கள். ஹீட்டருக்கு வரும் வயர் முனைகளில் நெரித்து மாட்டிய உலோக லக்குகளில் ஏதாவது கறுத்து, வயரின் உறை நொறுங்கி, லேசாக இழுத்தாலே கையோடு வருகிறதா? லூஸ் கனெக்‌ஷன் சூடாகிக் கருகுவது இதில் சகஜம். கருகிய அளவு வெட்டிவிட்டுப் புது லக்கை நன்றாக நெரித்து மாட்டுங்கள், வயர் மாற்றினால் சூடு தாங்கும் சிலிகான் உறை வயர்தான், வீட்டு ஒயரிங் வயர் உருகிவிடும்.

அடுத்து அளவு. ஹீட்டரின் இரண்டு வயரையும் கழற்றி, மல்ட்டி மீட்டரை 200 ஓமில் வைத்துப் பாருங்கள். 2000 வாட் காயில் 26 ஓம் பக்கம் காட்டும். சில மாடல்களில் இரண்டு காயில் இருக்கும், 1000 வாட் என்றால் ஒவ்வொன்றும் 53 பக்கம். ஒன்று மட்டும் அறுந்தால் பாதிச் சூடு வரும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது, ஹீட்டர் மாற்ற வேண்டும். காயில் முனைக்கும் தகட்டு உடம்புக்கும் நடுவிலும் ஒரு தடவை பாருங்கள், அங்கே மீட்டர் ஏதாவது அளவு காட்டினால் ஹீட்டர் பாடியில் இடிக்கிறது, கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் ஆர்சிசிபி விழுந்துகொண்டிருந்தால் அதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஹீட்டர் நன்றாக இருந்தால் அதையொட்டி இருக்கும் தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் அறுந்துவிடும் தெர்மல் ஃபியூஸும். ஆறிய நிலையில் இரண்டும் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். சில மெஷின்களில் அமுக்கி ரீசெட் செய்கிற சின்ன பட்டன் இருக்கும். அமுக்கினதும் டக்கென்று சத்தம் வந்தால் வேலை முடிந்தது. ஃபியூஸ் ஒரு தடவை போனால் போனதுதான், மாற்ற வேண்டும். ஆனால் ஃபியூஸ் சும்மா போகாது. முக்கால்வாசி நேரம் மேலே சொன்ன அடைப்புதான் அதைக் கொன்றிருக்கும், அடைப்பை எடுக்காமல் புதுசு போட்டால் அதுவும் போகும்.

இந்த இடத்தில் கூட நிற்கும் எலக்ட்ரீஷியன், "சார், இதை டைரக்ட் பண்ணிட்டா பிரச்சனையே வராதுங்க" என்பார். ஃபியூஸைத் தாண்டி வயரை நேராக முறுக்கிவிடுவது. தயவுசெய்து விடாதீர்கள். உள்ளே இருப்பது உலர்ந்த பஞ்சும் சிவக்கச் சிவக்கச் சுடும் காயிலும், நடுவில் இருக்கும் கடைசிக் காவல் அதுதான். பலகைத் தளம், பலகைச் சுவர் உள்ள பழைய எஸ்டேட் பங்களாக்களில் இதைச் செய்வது எனக்கு நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

ஸ்பேர் இங்கே கடையில் கிடைக்காமல் கோவைக்கோ, கொடைக்கானல்காரர்களாக இருந்தால் மதுரைக்கோ இறங்க வேண்டி வரலாம். போனில் மாடல் பெயர் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழைய தெர்மோஸ்டாட்டையே எடுத்துப்போய், அதன் மேல் பொறித்திருக்கும் வெப்ப அளவும் ஆம்பியரும் ஒத்துப்போவதை மட்டும் வாங்குங்கள்.

ஹீட்டருக்குப் பதில் ஃபிரிட்ஜ் மாதிரி கேஸ் ஓடும் ஹீட் பம்ப் டிரையர் என்றால் ஃபில்டரும் உள்ளே இருக்கும் கண்டென்சரும் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கேஸ் லைன் சர்வீஸ் ஆள் வேலை. பல மேனுவல்களில் அறை வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்று போட்டிருக்கும், ஆகவே ஜனவரி ராத்திரியில் வெளி ஷெட்டில் வைத்து ஓட்டிவிட்டு ரிப்பேர் என்று நினைக்க வேண்டாம்.

எல்லாம் பூட்டியதும் நன்றாகப் பிழிந்த இரண்டு துண்டைப் போட்டு ஓட்டுங்கள். மீட்டர் விளக்கு படபடக்கும், ஹோஸ் வாயில் கை வைத்தால் சூடும் ஈரமுமாகக் காற்று முகத்தில் அடிக்கிற வேகத்தில் வர வேண்டும். அரைமணி கழித்து அணைத்து, பிளக்கை உருவி அதன் பின்னைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரலை வைக்க முடியாத சூடென்றால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது, நல்ல 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்று போட்டுவிட்டுத்தான் அடுத்த லோடு.